சுழியமா, வெறுமையா?
தோட்டத்து மழைமானியை இணைப்பதும் இணைப்பைச் சோதிப்பதும்



விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்தவுடன் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பது நம் தோட்டங்களில் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். கையில் துளி விழுந்தால் அன்றைய வேலை ஐயத்திற்குரியதாகிவிடும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால், வெட்டுக்கோட்டின் வழியே ஒழுங்காக ஓடி மங்கில் இறங்க வேண்டிய பால், பட்டையெங்கும் பரவி அடிமரத்தில் வழிந்து வீணாகும். வெட்டி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டாலோ, மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு நீராய்ப் போய்விடும். எடைக்கேற்பக் கூலி பெறுகின்றவர்களுக்கு மழைக் கணக்கும் வீட்டுச் செலவுக் கணக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முன்னாளில் தோட்ட அலுவலகத்தின் முன் புல்தரையில் உலோகத்தாலான மழைமானி ஒன்று நின்றிருக்கும். காலை 8 மணிக்குக் கிராணியார் அதனைத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுதி வைப்பார். இக்காலத்தில் பல இடங்களில் அந்த வேலையை மின்னணு மழைமானி தானே செய்கின்றது. பெய்த மழையைத் தானே எண்ணி, கைத்தொலைபேசி அலைவழியே தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பிவிடுகின்றது. அக்கருவியை எவ்வாறு இணைப்பது, இணைத்த இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கின்றதா என்பதை எவ்வாறு சோதிப்பது என்பனவே இம்மாதப் பாடமாகும்.

“இது பொறியியலாளர் வேலையாயிற்றே, நமக்கெதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், ஒரு தோட்டத்தில் நேர்ந்ததைக் காணும் வரையில். தோட்டத்தின் பெயர் வேண்டா. மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலையில் மழை பெய்திருந்தது. வெட்டுக்காட்டிற்குச் சென்றவர்கள் சிலர் மரம் நனைந்திருக்கின்றது என்று திரும்பிவிட்டனர். அலுவலகக் கணினித் திரையிலோ அம்மூன்று நாளுக்கும் 0.0 மில்லிமீட்டர் என்றே இருந்தது. மழை பெய்யாத நாளில் வேலையை விட்டுத் திரும்பினார்கள் என்று செக்ரோலில் அவர்கள்மேல் குறிப்பு ஏறிவிட்டது. “ஐயா, கண்ணு முன்னாடி மழை பெஞ்சிச்சு, பெட்டி இல்லேங்குது. பெட்டி பேச்சுத்தான் எடுபடுமா?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார்.

இணைப்பு அறுந்திருக்கும் என்றே நாம் முதலில் கருதினோம். பார்த்தால், இணைப்பில் ஒரு குறையும் இல்லை. திரையின் ஓரத்தில் ‘கடைசித் தொடர்பு’ என்ற இடத்தில் ஐந்து நிமிடத்திற்கு முந்திய நேரம் காணப்பட்டது. கருவி ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் பொய்யைப் பேசிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றியபோது காரணம் புலப்பட்டது. இலையுதிர் காலத்தில் காற்றில் பறந்து வந்த ரப்பர் இலைகள் புனலில் மக்கிச் சேறாகி, அடித்துளையை அடைத்திருந்தன. மழைநீர் புனலிலேயே நின்று வெயிலில் வற்றிப்போயிற்று. ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. நிருவாகி அன்றே செக்ரோலில் இருந்த குறிப்பை நீக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறொரு தோட்டத்தில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே கருவி இரண்டு நாளாகப் பேசவே இல்லை. திரையில் மழை அளவு எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையை ‘மழை இல்லை’ என்று படித்துக்கொண்டனர். சுழியம் என்றால் ‘எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்று பொருள். வெறுமை என்றால் ‘எனக்குச் செய்தியே வரவில்லை’ என்று பொருள். ஆற்றோரத்து லயத்து வீடுகளில் குடியிருப்போர்க்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் நீர் எவ்வளவு விரைவாக உயர்ந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

இனிக் கருவியின் உள்ளமைப்பைக் காண்போம். மேலே வட்டமான புனல். புனலின் கீழே, ஏற்றப்பலகையின் இரு முனைகளைப்போல் ஓர் அச்சில் ஏறியிறங்கும் இரு சிறு வாளிகள். ஒரு வாளி குறித்த அளவு நீரால் நிறைந்ததும் பாரத்தால் கவிழ்ந்து நீரைக் கொட்டிவிடும். உடனே மற்ற வாளி புனலின் கீழ் வந்து நிற்கும். ஒவ்வொரு கவிழ்ப்பிலும் வாளியோடு பொருத்திய சிறு காந்தம் ஒரு கண்ணாடிக் குழாய்ச் சுவிட்சைக் கடந்து செல்லும். அக்கணத்தில் சுவிட்சு மூடித் திறக்க, கம்பி வழியே ஒரு மின்துடிப்பு பதிவுப்பெட்டிக்குச் செல்லும். பதிவுப்பெட்டி அத்துடிப்புகளை எண்ணி, நேரத்தோடு நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர் மழைக்கு என அமைந்த கருவிகளும் உண்டு, 0.5 மில்லிமீட்டருக்கு என அமைந்தவையும் உண்டு. உங்கள் தோட்டத்துக் கருவி எவ்வகை என்பதை அதன் பெயர்த்தகட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பதிவுப்பெட்டியில் தவறாக அமைக்கப்பட்டிருந்தால், 20 மில்லிமீட்டர் மழை 50 ஆகத் தோன்றும், அல்லது 50 மில்லிமீட்டர் மழை 20 ஆகத் தோன்றும். மற்றெல்லாம் சரியாகவே இருக்கும்; ஆகையால் எவருக்கும் ஐயம் எழாது.

பதிவுப்பெட்டியோடு ஒரு மோடம் இருக்கின்றது. அதில் கைத்தொலைபேசியில் இடுவது போன்ற சிம் அட்டை ஒன்று. மோடம் ஆன்டெனா வழியே அருகிலுள்ள கோபுரத்தோடு பேசும். கோபுரம் செய்தியை வாங்கி இணையத்தின் வழியே சேவைக் கணினிக்குச் சேர்ப்பிக்கும். அங்கிருந்து அலுவலகத் திரைக்கும் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வரும். இவையனைத்திற்கும் உணவளிப்பது சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும்.

இந்த நீண்ட வழியைப் பார்த்து மலைக்க வேண்டா. நீங்கள் நாள்தோறும் நடத்தும் வழி இதைவிடக் குறுகியது அன்று. பால் மரத்திலிருந்து மங்கிற்கு, மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து நிறுக்கும் கொட்டகைக்கு, அங்கிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து ஆலைக்குச் செல்கின்றது. ஆலையில் எடை குறைந்தால் என்ன செய்வீர்கள்? உடனே மரத்தைக் குறை சொல்வதில்லை. கொட்டகையில் எவ்வளவு நிறுத்தது என்று சீட்டைப் பார்ப்பீர்கள். கொட்டகை வரையில் கணக்குச் சரியென்றால் குறை அதற்கப்பால். அங்கேயே குறைந்திருந்தால் அதற்கிப்பால். மழைமானியின் இணைப்பைச் சோதிப்பதும் இதே முறைதான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நின்று, ‘இது வரையில் வந்ததா?’ என்று கேட்டுச் செல்ல வேண்டும்.

இணைப்பு வேலையில் முதற்படி இடத்தைத் தேர்வதாகும். மரம், கட்டடம் முதலிய தடைகள் கருவியின் வாயைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கின்றனவோ, அதைப்போல் இரு மடங்குத் தொலைவிலேனும் கருவி இருத்தல் வேண்டும். 15 மீட்டர் உயர்ந்த ரப்பர் மரத்திற்கு 30 மீட்டர் தள்ளி என்று பொருள். இந்த அளவு திறந்த வெளி பெரும்பாலும் தோட்டத்துத் திடலில்தான் கிடைக்கும். அங்கே பிள்ளைகளின் பந்து ஒரு தனிச் சிக்கல். சுற்றிலும் கம்பிவேலி போடுவதைத் தவிர அதற்கு வேறு மருந்தை நாம் கண்டதில்லை. நடும் கம்பம் அசையாமலும், புனலின் வாய் எப்பக்கமும் சாயாமலும் இருத்தல் வேண்டும். மட்டக்குமிழியை வைத்துப் பாருங்கள். சாய்ந்த கருவியில் ஒரு வாளி முந்தியும் மறு வாளி பிந்தியும் கவிழும்.

அடுத்தது மின்சாரமும் கம்பிகளும். கருவிக் கம்பிகளையெல்லாம் பொருத்திய பின்னரே பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். மழைமானியிலிருந்து வரும் இரு கம்பிகளும் துடிப்புக்குரிய முனைகளில் அமைய வேண்டும். சுவிட்சாகையால் அவற்றிற்கு மேல் கீழ் என்ற வேறுபாடு பெரும்பாலும் இல்லை. பேட்டரிக்கும் சூரியத் தகட்டிற்கும் அவ்வேறுபாடு உண்டு. மாற்றிப் பொருத்தினால் கருவி எரிந்துவிடக்கூடும். நிலத்தொடர்புக் கம்பியை மறவாதீர்கள். நம் நாடு இடி மின்னல் மிகுந்த நாடு. கம்பத்தின் உச்சியில் விழும் மின்னலுக்குப் பதிவுப்பெட்டியைக் காட்டிலும் எளிய வழி மண்ணுக்குள் இருந்தாக வேண்டும். இடி முழக்கம் கேட்கத் தொடங்கினால் எந்த நிலையில் இருந்தாலும் வேலையை விட்டு இறங்கிவிடுங்கள். பாதி முடிந்த இணைப்பு மறுநாள் வரை காத்திருக்கும்.

சில தோட்டங்களில் இதே பெட்டியோடு ஆற்று நீர்மட்டக் கருவியையும் சேர்த்திருக்கின்றனர். அதற்கு ஆர்.எஸ்.485 என்ற இருகம்பி இணைப்பு வழங்குகின்றது. கம்பி 1,200 மீட்டர் வரையில் நீளலாம். இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒன்று பொருத்துதல் வேண்டும். ஏ, பி என்று குறித்த இரு கம்பிகளையும் ஒரு தயாரிப்பாளர் ஒருவிதமாகவும் மற்றவர் அதற்கு எதிராகவும் பெயரிடுவது உண்டு. ஆகவே, கருவி பேசவில்லையெனில் முதலில் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். இதனால் கேடொன்றும் விளையாது. இதனைச் செய்யாமல் புதுக் கருவிக்கு எழுதிப் போட்டவர்களை நாம் அறிவோம்.

இனி மோடம். சிம் அட்டையை நேரே மோடத்தில் இடாமல், முதலில் ஒரு கைத்தொலைபேசியில் இட்டுப் பாருங்கள். அது இரகசிய எண் கேட்டால் அந்தப் பூட்டை நீக்கிவிடுங்கள். திடலில் நிற்கும் மோடத்திற்கு எண்ணைத் தட்டிக் கொடுக்க ஆளில்லை. கருவி நிற்கப்போகும் அதே இடத்தில் நின்று, அக்கைத்தொலைபேசியில் இணையம் வருகின்றதா என்று பாருங்கள். வந்தால் சிம் அட்டையும் கோபுரமும் நலமே. பிறகு அட்டையை மோடத்திற்கு மாற்றி, தொலைபேசி நிறுவனம் தரும் ஏ.பி.என். என்னும் வாயிற்பெயரை எழுத்துப் பிழையின்றிப் பதிய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வாயில் திறவாது.

பழைய மோடம் வைத்திருப்போர்க்கு ஒரு செய்தி. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 3ஜியை நம்பியே செய்யப்பட்ட மோடங்கள் சில தோட்டங்களில் இன்னமும் கம்பத்தில் தொங்குகின்றன. அவற்றில் விளக்கு எரியும், அலை தேடும், ஆனால் 3ஜி வழியே இணைப்பு ஒருபோதும் கிடைக்காது. அத்தகைய மோடத்தோடு போராடுவது வீண். 4ஜி மோடமாக மாற்றுவதே வழி.

அலையின் வலிமையைக் காட்ட மோடம் ஓர் எண்ணைத் தரும். பல மோடங்களில் அது 0 முதல் 31 வரையில் இருக்கும். 99 என்று வந்தால் அளக்க இயலவில்லை என்று பொருள், மிக நல்லது என்று அன்று. 99ஐப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு. எண் 10க்குக் கீழ் இருந்தால் வலிமை குறைவு என்று கொள்ளலாம். வேறு கருவிகளில் -70, -100 என்று கழித்தல் குறியோடு எண் வரும். இங்கே -70 என்பது -100ஐவிட மேலானது. அதுவும் சிறிதளவு மேலன்று, ஆயிரம் மடங்கு மேலானது. ஒவ்வொரு 10 எண்ணுக்கும் வலிமை பத்து மடங்கு மாறுவதே காரணம். எண் குறைவாக இருந்தால் ஆன்டெனாவை உயர்த்திப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்து மூடியிருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். நடுப்பகலில் காய்ந்த காட்டில் கிடைக்கும் வலிமை, மழையில் நனைந்த இலைகளுக்கிடையே குறைவதும் உண்டு. மழைமானிக்கு இணைப்பு மிகவும் தேவைப்படுவது மழையிலேதான் என்பதை நினைத்து, கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுதல் நன்று.

இணைப்பு முடிந்தது. இப்போது சோதனை. முதற்சோதனை பதிவுப்பெட்டி பேசுகின்றதா என்பது. மடிக்கணினி ஒன்றை வலைக்கம்பியால் பெட்டியோடு இணையுங்கள். பெட்டிக்கு 192.168.1.10 என்று ஒரு முகவரி இருப்பதாகக் கொள்வோம். மடிக்கணினிக்கு 192.168.1.20 என்று கொடுங்கள். அதன் கீழே 255.255.255.0 என்ற எண்ணையும் பதியுங்கள். இதன் பொருள் எளிது. முதல் மூன்று எண்களும் லயத்தின் பெயர். கடைசி எண் வீட்டு எண். ஒரே லயத்தில் இருப்பவர்கள் நேரே கூப்பிட்டுப் பேசலாம். ஒரே வீட்டு எண்ணை இருவருக்குக் கொடுத்தால் கடிதம் தடுமாறும். ஆகையால் கடைசி எண் வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.

பிறகு கணினியில் ‘பிங்’ என்னும் கட்டளையோடு பெட்டியின் முகவரியைத் தட்டுங்கள். இது, ‘வீட்டில் யாராவது இருக்கின்றீர்களா?’ என்று குரல் கொடுப்பது போன்றது. இருந்தால், சில மில்லிநொடிகளில் மறுகுரல் வரும். வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பெட்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை பிங் செய்யுங்கள். இப்போது மறுகுரல் வரக்கூடாது. அப்படியும் வருமானால், இத்தனை நேரமும் உங்களுக்கு விடையளித்தது வேறு கருவி! அலுவலக வலையமைப்பின் வழியே சோதிக்கும்போது இது நடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அச்சுப்பொறி ஒன்றுக்கு அதே எண் கொடுக்கப்பட்டிருந்தது.

பிங் சோதனை வெற்றியானால் வீட்டில் ஆள் இருக்கின்றார் என்று தெரியும். அவர் கணக்கைச் சரியாக எழுதுகின்றாரா என்று தெரியாது. அதுபோலவே, அலுவலகத்திலிருந்து திடலில் உள்ள கருவிக்குக் கைத்தொலைபேசி வலையின் வழியே பிங் செய்து விடை வராவிட்டால், கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. தொலைபேசி நிறுவனம் சிம் அட்டைகளுக்குப் பொதுவாக உள்முகவரியையே தருகின்றது. வாயிற்காவலர் உள்ளிருப்பவரை வெளியே விடுவார். வெளியாரை உள்ளே விடமாட்டார். ஆகவேதான், இக்கருவிகள் தாமே வெளியே அழைத்துச் சேவைக் கணினியோடு பேசுமாறு அமைக்கப்படுகின்றன. இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது, கருவியில் பதிந்த சேவைக் கணினியின் முகவரியும் நுழைவு எண்ணும் சரியா என்பதும், திரையில் ‘கடைசித் தொடர்பு’ நேரம் நகர்கின்றதா என்பதுமே.

அடுத்து வருவது தண்ணீர்ச் சோதனை. நம் பார்வையில் எல்லாச் சோதனைகளிலும் இதுவே முதன்மையானது. ஏனெனில் புனலிலிருந்து திரை வரையில் முழு வழியையும் ஒரே முறையில் பார்த்துவிடுகின்றது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். புனலின் வாய்க் குறுக்களவு 200 மில்லிமீட்டர் என்றால், அரைக் குறுக்களவு 10 சென்டிமீட்டர். 10ஐ 10ஆல் பெருக்கி, 3.14ஆல் பெருக்க, வாயின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்பரப்பின்மேல் 1 மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க 31.4 மில்லிலிட்டர் தேவை. ஆகவே 314 மில்லிலிட்டர் நீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு கவிழ்ப்பு 0.5 மில்லிமீட்டராயின் 20 கவிழ்ப்பு; 0.2 ஆயின் 50 கவிழ்ப்பு. புனலின் அளவு எல்லாக் கருவிக்கும் ஒன்றன்று. 8 அங்குலப் புனலுக்கு இதே 10 மில்லிமீட்டருக்கு 324 மில்லிலிட்டர் வேண்டும். அளவுகோலை வைத்து அளந்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

நீரை ஒரே மூச்சில் கவிழ்த்துவிடக் கூடாது. வாளி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் நழுவும். வேகம் கூடக்கூட நழுவுவதும் கூடும். ஒரு நெகிழிப் புட்டியின் மூடியில் ஊசித்துளை இட்டு, புனலின்மேல் தலைகீழாக நிறுத்தி, காற்றுப் புக அடியில் ஒரு துளை செய்துவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். 10 மில்லிமீட்டருக்குரிய நீர் இறங்க அரைமணி நேரம் ஆகுமானால், அது மணிக்கு 20 மில்லிமீட்டர் மழைக்கு ஒப்பாகும். நடுத்தர மழையின் வேகம். காதைப் பெட்டியருகே வைத்து ‘டக், டக்’ என்னும் ஒலியை ஒருவர் எண்ணட்டும். மற்றொருவர் பதிவுப்பெட்டியில் ஏறும் எண்ணைக் குறிக்கட்டும். மூன்றாமவர் அலுவலகத் திரையைப் பார்க்கட்டும்.

காதில் 20, பெட்டியில் 20, திரையில் 10.0 மில்லிமீட்டர் என்று வந்தால் வழி முழுவதும் நலம். ஒன்றிரண்டு கவிழ்ப்பு வேறுபடுவதைப் பொருட்படுத்த வேண்டா. காதில் 20 வந்து பெட்டியில் 14 வந்தால், காந்தச் சுவிட்சோ கம்பியோ பழுது. பெட்டியில் 35 வந்தால், ஒரு கவிழ்ப்பை இரண்டாக எண்ணுகின்றது என்று அறியலாம். காதிலேயே 12தான் என்றால் குறை புனலிலோ வாளியிலோ இருக்கின்றது: சேறு, எறும்புப் புற்று, சாய்வு இவற்றில் ஒன்று. பெட்டியில் 20 இருந்தும் திரை அசையாவிட்டால், மோடத்திலிருந்து அப்பால் தேட வேண்டும். அதற்கும் முன்னதாகக் கொஞ்சம் பொறுங்கள். கருவி கால்மணிக்கு ஒருமுறை மட்டும் அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கலாம்.

திரை அசையாமைக்கு மறைவான காரணம் ஒன்றுண்டு. பேட்டரி சும்மா இருக்கையில் 12 வோல்ட்டுக்குமேல் நலமாகக் காட்டும். மோடம் அலையை வீசும் கணத்தில் மட்டும் மின்னழுத்தம் சரிந்து, பெட்டி அணைந்து மீண்டும் எழும். ஆகவே பேட்டரியை அளக்கும்போது, மோடம் அனுப்பும் நேரத்திலேயே அளத்தல் வேண்டும். மூன்று நான்கு நாள் மூடம் போட்டு வெயில் வராத பருவத்தில்தான் இக்குறை தலைகாட்டும். வெள்ளம் வருவதும் அப்பருவத்தில்தான்.

இணைப்பு அறுந்தால் என்னாகும் என்பதையும் வேண்டுமென்றே அறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆன்டெனாவைக் கழற்றினால் மட்டும் போதாது. கோபுரம் அருகிலிருந்தால் ஆன்டெனா இல்லாமலும் மோடம் பேசிவிடக்கூடும். ஆகையால் மோடத்தின் மின்சாரத்தை ஒரு மணி நேரம் துண்டித்து வையுங்கள். அந்நேரத்தில் நீரைச் சொட்ட விடுங்கள். பிறகு மீண்டும் இணையுங்கள். நல்ல பதிவுப்பெட்டி, பேச முடியாத நேரத்துக் கணக்கை நினைவகத்தில் வைத்திருந்து, வழி திறந்ததும் பின்னோக்கி அனுப்பும். திரையில் அந்த ஒரு மணி நேரக் கட்டங்கள் நிரம்புகின்றனவா என்று பாருங்கள். இணைப்பு அறுந்திருந்தபோது திரை வெறுமையைக் காட்டிற்றா, அல்லது 0.0 என்று காட்டிற்றா என்பதையும் கூர்ந்து கவனியுங்கள். 0.0 என்று காட்டியிருந்தால், அந்த அமைப்பை மாற்றித் தருமாறு நிறுவியவர்களிடம் விடாப்பிடியாகக் கேட்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். சில கருவிகள் உலகப் பொது நேரத்தை வைத்துப் பதிகின்றன. நம் நாட்டு நேரம் அதனினும் 8 மணி முந்தியது. இதனைத் திருத்தாவிட்டால், வியாழன் விடியற்காலை 4 மணிக்குப் பெய்த மழை, புதன் இரவு 8 மணிக்குப் பெய்ததாகப் பதிவாகும். புதன் இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தால் வியாழன் காலை மரம் காய்ந்திருக்கும் அல்லவா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். முன்னே சொன்ன பெரியவரின் வழக்கு வேறொரு வடிவில் மறுபடியும் எழும். சோதனையின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து, நீர் ஊற்றத் தொடங்கிய நிமிடத்தை எழுதி வைத்து, திரையில் வரும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

நாமே செய்த பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்வது முறை. ஒரு தோட்டத்தில் தண்ணீர்ச் சோதனையை மிகச் சிறப்பாகச் செய்து முடித்து, பாராட்டும் பெற்றுத் திரும்பினோம். சோதனை முறைக்குக் கருவியை மாற்றி வைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில்லை. பட்டை வறளும் வெயிலில், பிற்பகல் 2 மணிக்கு, அத்தோட்டத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவேறிவிட்டது. மாலையில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தவர் சிரித்துக்கொண்டுதான் பேசினார். எனினும், பொய் மழை ஒரு மாதக் கணக்கையே கெடுக்கும். சோதனைக்கு முன் அமைப்பை மாற்றுங்கள். முடிந்தபின் மறவாமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மாற்றும் வசதியே இல்லாத கருவியாயின், நாளும் நேரமும் ஊற்றிய அளவும் குறிப்பேட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆற்றோரத்தில் வாழ்வோர் தங்கள் தோட்டத்துக் கருவியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்ஜிர் இணையத்தளத்தில் நாடெங்குமுள்ள ஆற்று நீர்மட்டமும் மழை அளவும் வெளியிடப்படுகின்றன. நீர்மட்டத்தை நோர்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்ற நான்கு நிலைகளாகக் காட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்குமேல் பெய்தால் அது மிகக் கனத்த மழை என்று வகுக்கப்பட்டிருக்கின்றது. அங்கும் எண்ணைப் பார்க்குமுன் அவ்வெண் எந்த நேரத்துக்குரியது என்று பாருங்கள். உங்கள் ஊருக்கு மேலே, ஆறு வரும் வழியிலுள்ள நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். கீழே உள்ள நிலையத்தில் நீர் ஏறும்போது உங்கள் வாசலிலும் ஏறியிருக்கும்.

புதுக் கருவி வந்துவிட்டது என்று பழைய மழைமானியைச் சாமான் கொட்டகையில் போட்டுவிட வேண்டா. அது மின்சாரம் கேட்பதில்லை, கோபுரமும் கேட்பதில்லை. புதியதன் அருகிலேயே, சில அடி தள்ளி, அதனையும் நிறுத்தி வையுங்கள். காலை 8 மணிக்கு வழக்கம்போல் அளந்து, பெரட்டுக் களத்தில் எல்லாரும் காணும் பலகையில் இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கலாம். இரண்டும் சிறிதளவு வேறுபடுவது இயல்பே. பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறுபாடு நாள்தோறும் தொடர்ந்தால், யாருக்கும் தொலைபேசி செய்வதற்கு முன்னால் ஒரு குவளை நீரும் பழைய பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு போய், முதலில் புனலைக் கழுவிப் பாருங்கள்.